ஏழாவது கப்பலின் உள்ளறை

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறோம்; இந்த வயதில் நலம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை, போனில் “நல்லாத்தாம்மா இருக்கேன்” என்று ஒரே மூச்சில் முடிப்பதுபோல் முடித்துவிடாமல், தூங்குகிறாயா, சமைக்கிறாயா, இல்லை ரொட்டியை நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுகிறாயா என்று தனித்தனியாக எழுது. என் இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், அடுத்த மாதம் எடுத்துவிடுவார்கள், அதற்காக நீ விடுப்புப் போட்டு ஓடிவரத் தேவையில்லை. குளியலறைக் குழாய் பழையபடி ஒழுகுகிறது. ஆள் எதற்கு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா ஒரு முழுநாள் அதனோடு மல்லுக்கட்டி, சொட்டிக்கொண்டிருந்ததை ஓடும்படி செய்திருக்கிறார்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன் நான் உன்னிடம் போனில் ஒரு பொய் சொன்னேன். காகிதத்தில் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். சுற்றி வளைத்துச் சொன்னால் விஷயத்தின் கனம் குறையும் என்று நம்புகிறவள் அல்ல நான், ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் தம்பியின் ஏழாவது கப்பலுக்குள் ஓர் அறை இருந்தது. அவன் செய்தது. அதை நான் அழித்துவிட்டேன். வேறு பிரதி கிடையாது. இப்போது எங்காவது உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி.

அவன் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. நீ வந்து பதினோரு நாள் இருந்தாய், அவனுடைய அறைக் கதவைத் தாண்டும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய், நானும் பார்க்காததுபோல் இருந்தேன். நீ கிளம்பிய பிறகு அந்த அறையை ஒழிக்கலாம் என்று உள்ளே போனேன். சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன், காபிக் கறை படிந்த நான்கு கோப்பைகளை எடுத்துக் கழுவினேன், மேசை விளக்கைத் துடைத்தேன். கணினிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒன்று முதல் ஏழு வரை எண்கள், முதல் ஆறுக்கும் நேரே சரி என்ற குறி, ஏழுக்கு நேரே அவனுடைய கோழிக்கிறுக்கலில் “முகங்கள் மிக அதிகம், குறைக்க வேண்டும்” என்று ஒரு வரி. நீங்கள் இருவரும் சேர்ந்து தொடங்கிய அந்தக் கணினி விளையாட்டுக்கு அவன் செய்துகொண்டிருந்த விண்கப்பல்கள் அவை என்பது வரை எனக்குப் புரிந்தது, முகம் என்றால் என்ன என்பது புரியவில்லை. பத்து வருடம் அடுத்த அறையில் உட்கார்ந்து அவன் செய்த வேலையில் ஒரு சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் பொறியியல் வரைபடம் சொல்லிக்கொடுத்தவள் நான்; கனசதுரத்தைச் சாய்த்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்று ஊரார் பிள்ளைகளையெல்லாம் கேட்டுக் குடைந்திருக்கிறேன். என் பிள்ளையின் கதவைச் சாப்பாடு ஆறுகிறது என்று சொல்வதற்கு மட்டும்தான் தட்டியிருக்கிறேன்.

சரி, தெரியாததைத் தெரிந்துகொள்வோம் என்று, கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கும் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். உன்னிடம் மறைத்ததற்குக் காரணம், பாதியில் நின்றுபோனால் நீ பரிதாபப்படுவாயே என்பதுதான். நாற்பத்தாறு படிகள், முழங்கால் ஒவ்வொன்றையும் எண்ணியது. பயிற்றுநர் முப்பது வயதுப் பெண், எப்போதும் வாயில் பாதி பிஸ்கட்டோடுதான் பேசுவாள், ஆனால் விஷயம் தெரிந்தவள். முதல் நாள் எல்லோரையும் எதற்காகக் கற்க வந்தீர்கள் என்று கேட்டாள். ஒருவன் கார்ட்டூன் என்றான், ஒருத்தி நாற்காலி மேசை விற்கும் கடைக்குப் படம் செய்ய என்றாள், நான் விண்கப்பல் என்றேன். பக்கத்தில் இருந்தவள் மெதுவாக “பேரனுக்காம்மா?” என்றாள். “எனக்கேதான், இங்க இருந்து இருந்து அலுத்துப் போச்சு” என்றேன். வகுப்பு முழுதும் சிரித்தது. அன்றைக்கு அவர்களிடம் வேறு எதையும் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை.

அங்கேதான் தெரிந்துகொண்டேன், இந்தக் கலையில் எந்தப் பொருளும் சின்னச் சின்னத் தட்டைப் பரப்புகளை விளிம்போடு விளிம்பு ஒட்டித்தான் உருவாகிறது, அந்தப் பரப்பு ஒவ்வொன்றுக்கும்தான் முகம் என்று பெயர். முகம் கூடக் கூடப் பொருள் வழவழப்பாகும், கணினிக்குச் சுமையும் கூடும். என் தலைக்கு இது புதிதல்ல, கைக்குத்தான் புதிது. காகிதத்தில் நான் மூன்று பக்கத்திலிருந்து வரைந்தால் பொருள் அடங்கி உட்கார்ந்திருக்கும். இங்கே மவுஸை லேசாக அசைத்தால் கப்பல் குட்டிக்கரணம் போடுகிறது. ஒரு தேநீர்க் கோப்பை செய்ய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது, அதில் தேநீர் ஊற்றினால் கைப்பிடி வழியாக ஒழுகும். பிறகு கை படிந்தது. பெட்டியை இழுத்து இறக்கையாக்கவும், உருளையைக் குடைந்து எந்திரக் குழலாக்கவும் வந்துவிட்டது. கப்பலில் பாதியைச் செய்தால் போதும், மறுபாதியைக் கணினி கண்ணாடியில் தெரிவதுபோல் தானே செய்துகொள்ளும் என்று கற்ற அன்று, இதை அவன் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தனியே உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பானே, கண்டுபிடித்தபோது வெளியே வந்து யாரிடமாவது சொல்ல நினைத்திருப்பானே என்று தோன்றியது. அன்றைக்கு வகுப்பு முடிவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். மற்றபடி ஐந்து மாதத்தில் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை.

ஐந்தாவது மாதம் அவனுடைய கணினியில் ஏழாவது கப்பலைத் திறந்தேன். வால் பகுதி மட்டும் குறையாக நின்றது. அதை முடித்தேன், நன்றாகவே முடித்தேன், தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, பயிற்றுநரே பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். ஆனால் முகங்களின் எண்ணிக்கை மற்ற ஆறு கப்பல்களைப் போல் இரண்டு மடங்கு இருந்தது. வகுப்பில் அவள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: “பார்க்கிறவங்க கண்ணுக்குப் படாத முகம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது, கப்பலுக்குள்ள யாரு போய்ப் பார்க்கப் போறா? எடுத்துடுங்க, லேசா இருந்தாத்தான் கேம் திக்காம ஓடும்.” சுவரில் அவனும் குறைக்க வேண்டும் என்றுதான் எழுதிவைத்திருந்தான். உள்ளே நுழைந்து பார்த்தேன். முன்பகுதியில் ஒரு சிறிய அறை, கரடுமுரடான பெட்டிகள், மூலை பொருந்தாத கூரை, இரண்டு இருக்கைகள், அவையும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. கல்லூரியில் எனக்குப் பிள்ளைகள் “ரப்பர்” என்று பெயர் வைத்திருந்தது உனக்குத் தெரியும். வரைவதற்கு உதவியாகப் போட்ட துணைக்கோடுகளை அழிக்காமல் தாளைக் கொடுத்தால் பத்து மதிப்பெண் குறைப்பேன். இந்த அறையையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். வெளிப்புறத்தைச் செய்வதற்காக அவன் போட்டுவைத்து, துடைக்க மறந்துபோன கோடுகள் என்று முடிவுகட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்து நோட்டில் குறைகளைக் குறித்தேன், பிறகு துடைத்தேன். மூன்று நாள் ஆயிற்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே பெயரில் சேமித்தேன், ஒழுங்கானவள் அல்லவா. அந்த மென்பொருள் தன்பாட்டுக்கு முந்தைய பிரதி ஒன்றை ஒளித்துவைத்துக்கொள்ளுமாம், ஒன்றே ஒன்றுதான். நான் சேமிக்கச் சேமிக்க அதுவும் மாறிக்கொண்டே வந்து, கடைசியில் அதுவும் வெறும் ஓடாகிவிட்டது. ஒழுங்கில்லாத ஒருத்தி இந்த வேலையைச் செய்திருந்தால் அந்த அறை பிழைத்திருக்கும்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். கேமை மறுபடியும் கையில் எடுத்திருக்கிறேன், அந்தக் கப்பலையும் அனுப்பு என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, உனக்காக முடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் நீ சொன்னாய்: “அவன் போறதுக்கு மூணு வாரம் முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தாம்மா. ஏழாவது கப்பலுக்கு உள்ள போய்ப் பாரு அரைப்படின்னு. ஒன்றரை வருஷம் கழிச்சு அந்த ஒரு வரி. நான் பதில் போடல, இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்னு விட்டுட்டேன். உள்ள என்னம்மா இருக்கு?” உங்கள் சண்டை என் முன்னால்தான் நடந்தது. சம்பள வேலை கிடைத்து நீ புறப்படும்போது “பொம்மைக் கப்பல்ல ஏறி யாரும் கரை சேர்ந்ததில்லடா” என்றாய், “அப்ப நீ கரையிலயே நில்லு” என்றான், அதோடு சரி. அந்த ஒரு வரிக்குள் அவன் உனக்கு என்ன வைத்திருந்தான் என்பதுதான் உன் கேள்வி என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், “ஒண்ணும் இல்லடி, வெறும் ஓடுதான்” என்றேன். நீ “சரிம்மா, சும்மா சொல்லியிருப்பான்” என்றாய். அந்தச் “சரிம்மா” என்னைச் சோறு தின்ன விடவில்லை.

மறுநாளே கணினியைத் தூக்கிக்கொண்டு பயிற்றுநரிடம் போனேன், அவள் பழுதுபார்ப்பவரிடம் அழைத்துப் போனாள், அவர் நான்கு நாள் வைத்திருந்துவிட்டு “மேலேயே எழுதியாச்சும்மா, அடியில ஒண்ணும் மிஞ்சல” என்று கையை விரித்தார். அதன் பிறகு ஒரு காரியம் செய்தேன். நினைவிலிருந்து அந்த அறையைத் திரும்பக் கட்டினேன். ஒரு முறை பார்த்த வடிவத்தை மறக்காத மண்டை எனக்கு, அது மட்டும் இன்னும் மழுங்கவில்லை. ஐந்து நாளில் முடிந்தது. அவனைப் போலவே கூரையின் மூலையைப் பொருந்தாமல் விட்டேன், பெட்டிகளைக் கரடாகவே வைத்தேன். உன் அப்பா வந்து பின்னால் நின்று பார்த்தார். அவர் இப்போது தினமும் சாயங்காலம் அந்த விளையாட்டைப் போட்டு, அவனுடைய முதல் கப்பலைக் கொண்டுபோய்ப் பாறையில் மோதி இரண்டே நிமிடத்தில் தோற்றுப்போகிறார், சலிக்காமல் மறுபடியும் தொடங்குகிறார், நான் ஒன்றும் கேட்பதில்லை. “இதையே அவன் செஞ்சதுன்னு அனுப்பிடேன், யாருக்குத் தெரியப் போகுது, புள்ள நிம்மதியா இருக்கட்டுமே” என்றார். “நீங்க போய்க் குழாயைப் பாருங்க” என்றேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கோப்புக்கு ஒரு பகல் முழுதும் அவன் வைத்த பெயரையே வைத்திருந்தேன். அனுப்பியிருந்தால் உன்னால் கண்டுபிடித்திருக்க முடியாது. நீ அதற்குள் போய், நான் வைத்த ஒவ்வொரு பெட்டியையும் அவன் உனக்குச் சொன்ன வார்த்தையாக நினைத்துப் படித்துக்கொண்டிருப்பாய், வாழ்நாள் முழுதும். பெற்றவள் செய்யத் தகாத காரியம் அது என்று தோன்றியதால் பெயரை மாற்றினேன்.

அவன் செய்த அந்த அறையைப் பற்றி மிஞ்சியிருப்பது நான் சிவப்புப் பேனாவால் எழுதிய மூன்று வரிதான். அந்தத் தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். முதல் வரி, கூரையின் மூலை இணையவில்லை, பிழை. இரண்டாவது, இரண்டாம் இருக்கையில் கப்பலை இயக்கும் கைப்பிடிகள் இடப்பக்கம் இருக்கின்றன, பிழை. இதைப் படித்ததும் நீ இடக்கைக்காரி என்பது உனக்கு நினைவு வரும், எனக்கும் வந்தது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு அழாதே. ஓர் இருக்கையைச் செய்து கண்ணாடிப் பிரதி எடுத்தால் மற்றது தானாகவே இடக்கைக்காகிவிடும், அதில் அவன் உன்னை நினைத்தான் என்பதற்கு அத்தாட்சி எதுவும் கிடையாது. மூன்றாவது வரி, இரண்டாம் இருக்கை முதலாவதைவிட ஒன்பது சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது, பிழை, கவனக்குறைவு. கவனக்குறைவு என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். கண்ணாடிப் பிரதிக்கு உயரம் குறையாது. அது குறைய வேண்டுமானால் இரண்டு பாதிக்கும் உள்ள தொடர்பை முதலில் அறுக்க வேண்டும், அந்த ஓர் இருக்கையை மட்டும் தனியாகப் பிடிக்க வேண்டும், கீழே இறக்க வேண்டும், இறக்கியபின் இவ்வளவு போதும் என்று நிறுத்த வேண்டும். கை தவறி நடக்கக்கூடியது அல்ல அது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் உன் கால் தரையைத் தொடாது, அவன் உனக்கு அரைப்படி என்று பெயர் வைத்ததே அதனால்தான்; சாப்பாட்டு மேசைக்கு அடியில் பழைய டெலிபோன் டைரக்டரியைத் தன் காலால் நீ கால் வைத்துக்கொள்ள உன் பக்கம் தள்ளிவிடுவது அவன் வழக்கம். அவன் உன்னை மன்னித்தானா, மன்னிக்க என்று ஏதாவது இருந்ததாக நினைத்தானா என்பதை அளக்க என்னிடம் கருவி இல்லை, அளந்ததாகச் சொல்லவும் மாட்டேன். அந்த இருக்கை ஒன்பது சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது, அதற்கு நான் சாட்சி. முப்பத்தொரு வருடத்தில் ஒரு விடைத்தாளையும் நான் மறுமதிப்பீடு செய்ததில்லை. இந்தத் தாளில் அந்தப் பிழையை அடித்துவிட்டுச் சரி போட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு எழுதியதும் வீண். அந்தத் தாழ்ந்த இருக்கைக்குப் பக்கத்துச் சுவரில், உட்காருகிறவரின் கண்ணுக்கு நேரே, உள்ளங்கை அளவில் ஏதோ ஒன்று இருந்தது. எழுத்தா, படமா, வெறும் பொத்தானா, எனக்குத் தெரியாது. பெரிதாக்கிப் பார்க்கவில்லை. முகங்களின் எண்ணிக்கையைத்தான் பார்த்தேன், இருநூறுக்கு மேல் காட்டியது. இத்தனூண்டு சமாச்சாரத்துக்கு இருநூறு முகமா என்று எரிச்சலாக வந்தது. அறையில் நான் முதலில் அழித்தது அதைத்தான். கண்ணை மூடினால் இருக்கை தெரிகிறது, கூரை தெரிகிறது, அந்த இடம் மட்டும் தெரிவதில்லை. கண்ணில் புரை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ளவில்லை. நான் கட்டிய அறையில் அந்தச் சுவரை வெறுமையாக விட்டிருக்கிறேன். எதையாவது வைத்து நிரப்பிவிடலாம் என்று கை பலமுறை போனது, இழுத்துக்கொண்டேன்.

என்னைத் திட்ட வேண்டும் என்று இருந்தால் திட்டு, போனிலேயே திட்டு, நடுவில் பேசமாட்டேன். இதோடு ஒரு பென் டிரைவ் வருகிறது. அதில் இரண்டு கோப்புகள். ஒன்று, உள்ளே ஒன்றும் இல்லாத கப்பல், வெளிப்புறம் அவனுடையது, வால் என்னுடையது. மற்றது அறையோடு கூடியது, அதன் பெயரிலேயே அம்மா செய்தது என்று போட்டிருக்கிறேன். எதை விளையாட்டில் சேர்ப்பது, சேர்க்காமலேயே விடுவது என்பதெல்லாம் உன் முடிவு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன். குளிருக்கு ஒழுங்கான கோட்டாக ஒன்று வாங்கு, தோளில் தொங்கும் அந்தப் பழையதைப் போட்டுக்கொண்டு வீடியோவில் வராதே. கைநிறைய வேலையும், அந்த வேலையைச் செய்ய உடம்பில் தெம்பும், பேச நினைத்ததை நினைத்த அன்றைக்கே பேசிவிடக்கூடிய மனிதர்களும் உனக்கு வாய்க்கட்டும். எனக்குத் தெரிந்த ஆசி இவ்வளவுதான், அப்பாவின் ஆசி இதைவிட நீளம், அதை அவரே சொல்லுவார். மறக்காமல் ஒன்று செய்: இரண்டு கோப்புகளையும் திறப்பதற்கு முன்னால் வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவை. பிறகு திற.

இப்படிக்கு,
உன் அம்மா